முள்ளங்கிப் பூ எந்த மகரந்தத்தை ஏற்கும், எதைத் தள்ளும்: முதன்முதலாகச் சோதிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அன்னாசிப் பழத்தை நறுக்கும்போது விதை தட்டுப்படுவதில்லை, வாழைப்பழத்திலும் தட்டுப்படுவதில்லை. இரண்டையும் விதையில்லாப் பழங்கள் என்று ஒரே வரிசையில் வைத்துவிடுகிறோம். ஆனால் காரணங்கள் வேறு. நாம் உண்ணும் வாழை ரகங்களில் பெரும்பாலானவை மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டவை. அவற்றால் ஒழுங்கான மகரந்தத்தையோ சூலையோ உருவாக்க முடிவதில்லை. அன்னாசியிலோ மகரந்தத்துக்கும் குறையில்லை, சூலுக்கும் குறையில்லை. ஒரே தாய்ச்செடியின் கொண்டையிலிருந்தும் பக்கக் கன்றிலிருந்தும் பெருக்கப்பட்ட செடிகளே தோட்டம் முழுவதும் நிற்பதால், எந்தப் பூவுக்கு எந்தப் பூவிலிருந்து மகரந்தம் வந்தாலும் அது மரபளவில் தன்னுடைய மகரந்தமே. அன்னாசிப் பூவோ தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. வேறொரு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவினால், அதே அன்னாசியில் சிறிய, கடினமான விதைகள் உண்டாகிவிடும்.

இவ்வாறு ஒரு பூ தன் இன மகரந்தத்திலேயே சிலவற்றை அடையாளம் கண்டு மறுப்பதைத் தமிழ்ப் பாடநூல்கள் தன் ஒவ்வாத்தன்மை என்றும், தன் மலட்டுத்தன்மை என்றும் குறிப்பிடுகின்றன. இரண்டாவது சொல்லை நான் தவிர்ப்பேன். மலடு என்றால் இயலாமை. இங்கே நடப்பது இயலாமையன்று, மறுப்பு. தன் பூவில் முளைக்காத அதே மகரந்தத்துகள், பக்கத்துச் செடியின் பூவில் விழுந்தால் சில நிமிடங்களில் நீரை உறிஞ்சி முளைக்கத் தொடங்கிவிடும். இந்த வேறுபாட்டை உங்கள் கையாலேயே செய்து, உங்கள் கண்ணாலேயே பார்ப்பதற்கான வழியைத்தான் கீழே விளக்கியிருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூவை உறையிட்டு மூடினேன், காய் பிடிக்கவில்லை, ஆகவே இந்தச் செடி தன் மகரந்தத்தை ஏற்காதது என்று முடிவு செய்வதுதான் புதியவர்கள் பலரும் செய்யும் பிழை. நானும் செய்திருக்கிறேன். முதல் முயற்சியில் பாலித்தீன் உறையைப் பூங்கொத்தின் மேல் மாட்டிவிட்டு, மறுநாள் நண்பகலில் போய்ப் பார்த்தபோது உறையின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகளாக இருந்தது. மூன்றாம் நாள் பூக்கள் அனைத்தும் வெந்ததுபோல் உதிர்ந்து உறையின் அடியில் கிடந்தன. குறிப்பேட்டில் நான் எழுதியதோ, தன் மகரந்தச் சேர்க்கையில் காய் இல்லை என்பது. காய் பிடிக்காமைக்கு வெயில், எறும்பு, முதிர்ந்த மகரந்தம், நசுங்கிய சூலகம் என்று பல காரணங்கள் இருக்க முடியும். அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு எஞ்சுவதுதான் மறுப்பு. கீழே வரும் படிகளில் பெரும்பகுதி இந்த விலக்கலுக்காகவே இருக்கின்றன.

செடியைத் தேர்ந்தெடுத்தல்

தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவை தம் மகரந்தத்தையே ஏற்றுக் காய்ப்பவை. அவற்றில் இந்தச் சோதனை ஒன்றையும் காட்டாது. நம் தாளிப்புக் கடுகும் பெரும்பாலும் அவ்வாறே. வட இந்தியாவில் எண்ணெய்க்காகப் பயிரிடும் தோரியா என்ற நெருங்கிய உறவு தன் மகரந்தத்தை மறுப்பது. ஆனால் அதன் விதை இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே முள்ளங்கியே தொடக்கத்துக்கு ஏற்றது. பூ கையாளும் அளவுக்குப் பெரியது, ஒரு செடியில் நூற்றுக்கு மேல் பூக்கும், மறுப்பும் தெளிவாக இருக்கும்.

விதை வாங்கும்போது உறையைப் படித்துப் பாருங்கள். எஃப்1 கலப்பினம் என்று இருந்தால் வேண்டாம். முள்ளங்கி, முட்டைக்கோஸ் போன்றவற்றில் கலப்பின விதையை உற்பத்தி செய்வதற்கே இந்த ஒவ்வாத்தன்மையைப் பயன்படுத்துவதுண்டு. ஜப்பானிய விதை உற்பத்தியாளர்கள் இம்முறையை நெடுங்காலமாகக் கையாள்கிறார்கள். அப்படி உருவான ஒரே பொட்டலத்து விதைகளிலிருந்து வளரும் செடிகள் அனைத்தும் ஒரே அடையாளத்தைக் கொண்டிருக்கக்கூடும். அவற்றில் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றில் தடவினாலும் மறுப்புதான் கிடைக்கும், நீங்கள் குழம்பிப் போவீர்கள். திறந்த மகரந்தச் சேர்க்கையில் எடுத்த நாட்டு விதையோ, இரண்டு வேறு ரகங்களின் விதையோ வாங்குங்கள். சமவெளியில் பூத்து விதை கொடுக்கும் ஆசிய வகைகளே நமக்குப் பொருந்தும். ஐரோப்பிய வகைகள் பூப்பதற்குக் கடுங்குளிரைக் கேட்பவை.

குளிர்காலத்தில் பூக்கும்படி விதைத்து, ஆறு செடிகளையாவது பிடுங்காமல் விட்டுவிடுங்கள். கிழங்கு முற்றி நார் பாயும் கட்டத்தில் நடுவிலிருந்து பூந்தண்டு கிளம்பும். ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைக் குச்சியில் எழுதி வேரருகே நட்டுவிடுங்கள். மழையில் அழியும் மையால் எழுதக் கூடாது, பென்சிலே சிறந்தது.

பூவை அறிந்துகொள்ளுதல்

சோதனையைத் தொடங்குவதற்கு முன் இரண்டு மூன்று பூக்களைப் பிய்த்துப் பாருங்கள். நான்கு புல்லிகள், சிலுவைபோல் விரிந்த நான்கு இதழ்கள், நான்கு நெடிய தாள்களும் இரண்டு குட்டைத் தாள்களுமாக ஆறு மகரந்தத்தாள்கள், நடுவே பச்சைக் குச்சிபோல் ஒரு சூலகம். அந்தக் குச்சியின் நுனியில் இருக்கும் சிறிய குமிழே சூலகமுடி. இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் இதைக் குறி என்று அறிவார்கள். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பார்த்தால் அது வழவழப்பாக இல்லாமல், வெல்வெட் துணியின் மேற்பரப்புபோல் மென்மயிர் எழும்பி நிற்பது தெரியும். ஒவ்வொரு மயிரும் ஒரு தனிச் செல். மகரந்தத்தை ஏற்பதா மறுப்பதா என்ற தீர்ப்பு முள்ளங்கியில் வழங்கப்படுவது இந்த மயிர்களின் மேல்தான்.

பூங்கொத்து கீழிருந்து மேலாக மலரும். ஆகவே இன்று மலர்ந்த பூவுக்கு நேர் மேலே, இதழின் நிறம் நுனியில் எட்டிப் பார்க்கும் மொட்டுகள் நாளை மலரப் போகின்றவை. அவற்றுக்கும் மேலே, முழுப் பச்சையாக மூடியிருப்பவை இரண்டு மூன்று நாள் கழித்து மலரப் போகின்றவை. இந்த இரு வகை மொட்டுகளையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லும் அளவுக்குக் கண் பழகிய பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

கருவிகள்

கூர்நுனிக் கிடுக்கி ஒன்று, கைலென்ஸ், பட்டர் பேப்பர் உறைகள், ஜெம் கிளிப்புகள், ஐந்து நிறங்களில் தையல் நூல், சிறிய புட்டியில் ஸ்பிரிட், குறிப்பேடு. இவ்வளவே போதும். உறை காற்றுப் புகும் தாளாக இருக்க வேண்டும் என்பதை என் முதல் முயற்சியின் கதையிலிருந்தே அறிந்திருப்பீர்கள்.

ஐந்து நூல்கள், ஐந்து கேள்விகள்

சோதனையின் உயிர்நாடி இந்தப் பகுதியே. முதல் எண் செடியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு நூல் நிறத்துக்கும் குறைந்தது பத்துப் பூக்கள் தேவை.

சிவப்பு நூல் கட்டிய பூவுக்கு அதே செடியின் வேறொரு பூவிலிருந்து மகரந்தம். வெள்ளை நூலுக்கு இரண்டாம் எண் செடியின் மகரந்தம். பச்சை நூல், இரண்டு மூன்று நாள் கழித்து மலரவிருக்கும் இளமொட்டைத் திறந்து, அதே செடியின் மகரந்தத்தைத் தடவியதற்கு. மஞ்சள் நூல், மகரந்தப்பைகளை நீக்கிவிட்டு எதையும் தடவாமல் மூடியதற்கு. நீல நூல், கையே வைக்காமல் மொட்டாக இருக்கும்போதே மூடி விட்டதற்கு. இதே வேலையை இரண்டாம் எண் செடியிலும் செய்ய வேண்டும். அங்கே வெள்ளை நூலுக்கு முதல் எண் செடியின் மகரந்தம்.

ஏன் இத்தனை? வெள்ளை நூலில் காய் பிடித்தால், முதல் செடியின் சூலகம் நலமாக இருக்கிறது என்பது உறுதியாகும். இரண்டாம் செடியின் வெள்ளை நூலில் காய் பிடித்தால், முதல் செடியின் மகரந்தம் உயிருள்ளது என்பது உறுதியாகும். சூலகமும் நன்று, மகரந்தமும் நன்று, ஆனால் இரண்டையும் ஒரே செடியில் சேர்க்கும்போது மட்டும் காய் இல்லை என்றால்தான் மறுப்பு என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. மஞ்சள் நூலில் காய் பிடித்தால் உங்கள் வேலையில் ஓட்டை இருக்கிறது என்று பொருள்: உறைக்குள் பூச்சி புகுந்திருக்கும், அல்லது மகரந்தப்பையை நீக்கும்போதே வெடித்திருக்கும். அந்த நாளின் முடிவுகள் அனைத்தையும் தள்ளிவிடுவதே நேர்மை. நீல நூல், யாரும் தடவாமலே பூ தானாகக் காய்க்கிறதா என்று காட்டும். பச்சை நூலின் கதையைப் பின்னர் சொல்கிறேன்.

மகரந்தப்பையை நீக்குதலும் தடவுதலும்

மாலையில், மறுநாள் மலரவிருக்கும் மொட்டை இடக்கை விரல்களால் காம்போடு தாங்கிக்கொண்டு, கிடுக்கியின் நுனியால் இதழ்களை மெல்ல விலக்கி, ஆறு மகரந்தப்பைகளையும் தாளோடு பிடித்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். பையை நசுக்காமல் தாளைப் பிடித்து இழுப்பதே முறை. ஆறு என்று எண்ணிக்கொண்டே எடுங்கள்; குட்டைத் தாள்கள் இரண்டும் கண்ணுக்குத் தப்பிவிடும். சிவப்பு நூல் பூக்களுக்கும் இதைச் செய்ய வேண்டும். தன் மகரந்தத்தைத்தானே தடவப் போகிறோம், எதற்கு நீக்குவது என்று தோன்றும். வெள்ளை நூல் பூ பட்ட காயத்தைச் சிவப்பு நூல் பூவும் பட்டிருந்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். முடிந்ததும் ஏற்கெனவே மலர்ந்த பூக்களைக் கிள்ளிவிட்டு, கொத்தை உறையால் மூடிக் கிளிப்பால் இறுக்குங்கள். மகரந்தம் கொடுக்கப் போகும் செடியிலும் ஒரு கொத்தை மூடி வைக்க வேண்டும். இல்லையேல் தேனீ கொண்டுவந்த அயல் மகரந்தம் அதன் பைகளில் ஒட்டியிருக்கும்.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் தடவுங்கள். புதிதாக மலர்ந்த பூவைப் பறித்து, இதழ்களைப் பின்னுக்கு மடித்துப் பிடித்தால் அந்தப் பூவே தூரிகையாகிவிடும். வெடித்த மகரந்தப்பையைச் சூலகமுடியில் இரண்டு முறை ஒற்றியெடுத்தால் குமிழ் மஞ்சளாக மாறும்; லென்ஸில் சரிபாருங்கள். ஒரு செடியிலிருந்து மறு செடிக்குப் போகுமுன் கிடுக்கியையும் விரல்நுனிகளையும் ஸ்பிரிட்டில் துடைத்து, முழுவதும் உலரவிடுங்கள். ஈரமான ஸ்பிரிட் பட்டால் மகரந்தமும் சாகும், சூலகமுடியும் கருகும். முள்ளங்கி மகரந்தம் நெடுநாள் தாங்காதது. நேற்றைய பூவை இன்று பயன்படுத்தாதீர்கள்.

இளமொட்டு வேலைக்குப் பொறுமை வேண்டும். மொட்டின் நுனியைக் கிடுக்கியால் கிள்ளியெறிந்தால் சூலகமுடி வெளிப்படும். மகரந்தப்பைகள் பச்சையாக, வெடிக்காமல் இருக்கும். அவற்றையும் நீக்கிவிட்டு, அதே செடியில் இன்று மலர்ந்த பூவின் மகரந்தத்தைத் தடவுங்கள்.

இதழ்கள் உதிர்ந்து இரண்டு நாள் ஆனதும் உறையை எடுத்துவிடலாம். வளரும் காய்க்கு உறை இடைஞ்சல்.

எண்ணிப் பார்த்தல்

பத்து நாளுக்குள் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். வெள்ளை நூல் சூலகங்கள் நீண்டு தடித்துக்கொண்டிருக்கும். சிவப்பு நூல் சூலகங்கள் மஞ்சளாகி, தொட்டால் காம்போடு கையில் வரும். ஆயினும் அப்போதே முடிவெழுதாதீர்கள். விதையில்லாமல் சிறிது தூரம் வளரும் காய்களும் உண்டு. காய்கள் முற்றி உலர ஒரு மாதத்துக்கு மேலாகும். முள்ளங்கிக் காய் கடுகைப்போல் தானாக வெடிக்காது, உடைத்துத்தான் விதையை எண்ண வேண்டும்.

ஒரு பூவுக்கு எத்தனை விதை என்று கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, பத்து வெள்ளை நூல் பூக்களில் 42 விதைகள், பத்துச் சிவப்பு நூல் பூக்களில் 3 விதைகள் என்று வைத்துக்கொண்டால், 0.3 ஐ 4.2 ஆல் வகுக்க 0.07 வரும். இந்த விகிதம் 0.2 க்குக் கீழே இருந்தால் செடி தன் மகரந்தத்தை மறுப்பது என்று கொள்வது வழக்கம். சுழியம் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். மறுப்பு என்பது இரும்புக் கதவன்று. பூ முதிர முதிர அது தளரும், கடும் வெப்பத்திலும் தளரும், பருவத்தின் கடைசிப் பூக்களிலும் தளரும். கலப்பின விதை உற்பத்தியாளர்கள் வேண்டுமென்றே அதைத் தளர்த்துவதற்குப் பூக்களைச் சுற்றிக் கரியமில வாயுவின் அளவை 3 முதல் 5 சதவீதமாக உயர்த்துவதும், உப்புக் கரைசல் தெளிப்பதும் உண்டு.

எங்கே நின்றது என்று பார்த்தல்

எண்ணிக்கை, மறுப்பு நடந்தது என்று சொல்லும்; எங்கே நடந்தது என்று சொல்லாது. அதற்கு நுண்ணோக்கி வேண்டும். புறஊதா ஒளியூட்டும் ஒளிர்வு நுண்ணோக்கி உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருந்தால் இந்தப் படியைத் தவறவிடாதீர்கள்.

தடவி 24 மணி நேரம் கழித்து, சிவப்பு, வெள்ளை, பச்சை ஒவ்வொன்றிலும் ஐந்து சூலகங்களை அறுத்தெடுத்து, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த நிலைநிறுத்தக் கரைசலில் போடுங்கள். ஒரு நாள் கழித்து நீரில் கழுவி, ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் திசு மென்மையாகும். இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். மறுபடி நன்றாகக் கழுவி, பொட்டாசியம் பாஸ்பேட் கரைசலில் கரைத்து நிறம் நீக்கிய 0.1 சதவீத அனிலின் நீலத்தில் சில மணி நேரம் ஊறவிட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்து, மூடுதகட்டை விரலால் மெல்ல அழுத்திப் பரப்புங்கள்.

முளைத்த மகரந்தத்துகள் சூலை நோக்கி நீட்டும் மகரந்தக்குழலின் சுவரிலும், அக்குழல் முன்னேறும்போது தனக்குப் பின்னால் போட்டுக்கொண்டே போகும் அடைப்புகளிலும் கேலோஸ் என்ற பொருள் இருக்கிறது. அனிலின் நீலம் அதில் ஒட்டி, புறஊதா ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். வெள்ளை நூல் சூலகத்தில் நீங்கள் பார்க்கப் போவது, முடியிலிருந்து கிளம்பிச் சூலகத் தண்டுக்குள் கற்றையாக இறங்கும் ஒளிரும் இழைகள். இழை நெடுகிலும் இடைவெளி விட்டு மின்னும் புள்ளிகள். சிவப்பு நூல் சூலகத்தில் தண்டு இருண்டு கிடக்கும். மகரந்தத்துகள்கள் பல கழுவலிலேயே போயிருக்கும். எஞ்சியவற்றில் சிலவற்றுக்குக் குட்டையான, கோணலான குழல் ஒன்று முளைத்து, மயிருக்குள் நுழைய முடியாமல் மேலேயே சுருண்டு கிடக்கும். அத்துகள் தொட்ட மயிரின் நுனியிலும் ஒரு ஒளிப்பொட்டு இருக்கலாம்: பூவின் செல் தன் பக்கத்தில் போட்ட கேலோஸ் அது. பச்சை நூல் சூலகத்தில், தன் மகரந்தமே ஆனாலும், குழல்கள் வெள்ளை நூலைப்போல் இறங்கியிருக்கும்.

முடியின் மேல் என்ன நடக்கிறது

முள்ளங்கியும் முட்டைக்கோசும் உள்ளிட்ட கடுகுக் குடும்பத்தில் சூலகமுடி உலர்ந்தது. அதன் மேல் விழும் மகரந்தத்துகளும் உலர்ந்தது. முளைக்க வேண்டுமானால் பூவின் செல் அதற்கு நீர் கொடுத்தாக வேண்டும். மறுப்பின் சூட்சுமம் இந்த நீரில் இருக்கிறது. துகளின் மேற்பூச்சில் எஸ்பி11 என்ற சிறிய புரதம் ஒன்று உண்டு. எஸ்சிஆர் என்றும் அதற்குப் பெயர், 1999 ஆம் ஆண்டையொட்டி ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டறியப்பட்டதால் இரண்டு பெயர்கள். சூலகமுடி மயிரின் செல்சவ்வில் எஸ்ஆர்கே என்ற ஏற்பிப் புரதம் நிற்கிறது. இரண்டையும் ஆக்கும் மரபணுக்கள் எஸ் அமைவிடம் எனப்படும் இடத்தில் ஒட்டியே இருந்து, ஒரே தொகுப்பாகத் தலைமுறை தாண்டுகின்றன. அதனால் ஒரு செடியின் எஸ்பி11, அதே செடியின் எஸ்ஆர்கே உடன் பூட்டும் சாவியுமாகப் பொருந்தும். வேறு தொகுப்பின் எஸ்ஆர்கே உடன் பொருந்தாது.

இங்கே சாவி பொருந்தினால் கதவு திறப்பதில்லை, அடைபடுகிறது. எஸ்பி11 வந்து பொருந்தியதும் மயிர்ச்செல்லுக்குள் ஒரு சங்கிலி வினை தொடங்கி, துகளை நோக்கி நீரையும் பிற பொருள்களையும் அனுப்பும் வழியைக் குலைத்துவிடுகிறது. துகள் தாகத்தோடு கிடந்து காய்கிறது. பொருந்தாத சாவியோடு வரும் அயல் துகளுக்கு எந்தத் தடையும் எழுவதில்லை. நீர் தானாகவே கிடைக்கிறது. அதாவது பூ அந்நியனை அடையாளம் காண்பதில்லை, தன்னை மட்டுமே அடையாளம் காண்கிறது. இளமொட்டில் எஸ்ஆர்கே இன்னும் போதிய அளவு சேர்ந்திருப்பதில்லை. காவலாள் வேலைக்கு வருமுன் உள்ளே நுழைந்தது போலத்தான் பச்சை நூலின் கதை.

மகரந்தக்குழல் நிற்கும் இடம் எல்லாக் குடும்பத்திலும் இதுவன்று. பெட்யூனியா என்ற அழகுச்செடியின் காட்டு இனங்களிலும் புகையிலையின் சில உறவுகளிலும் சூலகமுடி ஈரமானது. தன் மகரந்தமும் முளைக்கும், தண்டுக்குள் இறங்கும், ஆனால் மேற்பகுதியிலேயே வளர்ச்சி குன்றி நின்றுவிடும். அங்கே தண்டின் திசு எஸ் ஆர்என்ஏஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. அது மகரந்தக்குழலுக்குள் நுழைந்து அதன் ஆர்என்ஏவைச் சிதைக்கிறது. இந்தப் புரதத்தின் மரபணு புகையிலை உறவு ஒன்றிலிருந்து 1986 இல் பிரித்தெடுக்கப்பட்டது. அது ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி என்பது 1989 இல் தெரியவந்தது. ஆப்பிளிலும் பாதாமிலும் இதே முறை. வயல்களில் வளரும் செம்பாப்பியில் இன்னொரு வழி: சூலகமுடியின் புரதம் பட்டவுடன் மகரந்தக்குழலுக்குள் கால்சியம் சட்டென்று ஏறி, குழல் நின்று, பிறகு அச்செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. கோகோவில் குழல் சூல்வரை சென்றுவிடும். மறுப்பு அங்கேதான், பூ சில நாட்களில் உதிரும். ஆகவே வேறு செடியில் சோதிக்கும்போது சூலகமுடியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

மறுப்பு நடக்கும் இடத்தைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறை 1967 இல் ஓர் அழகான விடை தந்தது. ரங்கசாமியும் சிவண்ணாவும் பெட்யூனியா ஆக்ஸிலாரிஸ் சூலகத்தின் முடியையும் தண்டையும் நீக்கி, சூல்கள் ஒட்டியிருக்கும் பகுதியைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து, அதன் மேல் அதே செடியின் மகரந்தத்தை நேரடியாகத் தூவினார்கள். விதைகள் உருவாயின. தன் மகரந்தத்துக்கும் சூலுக்கும் இடையில் எந்தப் பகையும் இல்லை, தடை வழியில்தான் இருந்தது என்பது அத்தோடு தெளிவாயிற்று.

செடிகளுக்குள் உறவுமுறை கண்டுபிடித்தல்

இப்போது ஆறு செடிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். தாய் வரிசையாகவும் தந்தை நெடுவரிசையாகவும் கட்டம் போட்டால் 36 கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து பூ போதும். மூலைவிட்டத்தில் விழும் ஆறு கட்டங்களும் தன் சேர்க்கை. மற்றவற்றில் சிலவும் காய்க்காமல் போகலாம். அவை ஒரே எஸ் அல்லீலை, அதாவது எஸ் அமைவிடத் தொகுப்பின் ஒரே வடிவத்தை, பகிர்ந்துகொள்ளும் செடிகள்: நம் பேச்சில் சொன்னால் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்கும் முறை இல்லாதவர்கள். இமாசலத்து ஆப்பிள் தோட்டங்களில் ரெட் டெலிசியஸ் மரங்களுக்கிடையே கோல்டன் டெலிசியஸ் மரத்தை நடுவதும், மரம் இல்லாதபோது பூத்த கிளைகளை நீர்ப் புட்டியில் செருகித் தொங்கவிடுவதும் இந்த முறை பார்த்துத்தான். ரொபஸ்டா காபியும் தன் மகரந்தத்தை ஏற்காதது, அராபிக்கா ஏற்கும்.

கட்டத்தைப் படிக்கும்போது ஒரு செய்தி குழப்பக்கூடும். மூன்றாம் செடியின் பூவில் ஐந்தாம் செடியின் மகரந்தம் காய்க்கும், ஆனால் ஐந்தாம் செடியின் பூவில் மூன்றாம் செடியின் மகரந்தம் காய்க்காது. மறுபடி செய்து பார்த்தும் அவ்வாறே வந்தால் அது பிழையன்று. பெட்யூனியாவில் ஒவ்வொரு மகரந்தத்துகளும் தன்னிடம் உள்ள ஒற்றை அல்லீலை மட்டும் காட்டும்; எனவே எஸ்1, எஸ்2 என்ற இரண்டு அல்லீல்களைக் கொண்ட எஸ்1எஸ்2 செடியின் மகரந்தம் எஸ்1எஸ்3 பூவில் விழுந்தால் பாதி நிற்கும், பாதி செல்லும். முள்ளங்கியில் துகளின் மேற்பூச்சு தந்தைச் செடியின் மகரந்தப்பைத் திசுவிலும் உருவாவதால், எல்லாத் துகள்களும் தந்தையின் அடையாளத்தைச் சுமக்கின்றன. தந்தையிடம் உள்ள இரண்டு அல்லீல்களில் ஒன்று மற்றதை அடக்கிவிட்டால், அடங்கியது மகரந்தத்தில் வெளித்தெரியாது, ஆனால் அதே செடியின் சூலகமுடியில் வெளிப்பட்டு நிற்கக்கூடும். ஒரு திசையில் காய்ப்பதும் மறு திசையில் காய்க்காததும் இதனால்தான். புகையிலை உறவுகளில் ஈஸ்ட், மாங்கெல்ஸ்டார்ஃப் என்ற ஆய்வாளர்கள் 1925 இல் வகுத்த, துகளுக்கு ஓர் அல்லீல் என்ற எளிய கணக்கை முட்டைக்கோசுக்கு அப்படியே பொருத்த முடியாமல் போனதும் இதனாலேயே.

பச்சை நூலில் கிடைத்த விதைகளைக் கறிக்குப் போடும் கடுகோடு கலந்துவிடாமல், செடி எண்ணை எழுதிய தாள் உறையில், உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். ஒவ்வாத பூவைத் தாண்டிப் பிறந்த தன் சேர்க்கை விதைகள் அவை. அவற்றின் தாய் எஸ்1எஸ்2 ஆக இருந்தால், அடுத்த குளிர்காலத்தில் முளைக்கும் செடிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று எஸ்1எஸ்1, நான்கில் ஒன்று எஸ்2எஸ்2, பாதி தாயைப் போல இருக்கும். அந்த ஓரல்லீல் செடிகளைச் சேர்க்கைக் கட்டத்தின் மூலம் அடையாளம் கண்டுவிட்டால், தெருவில் யார் வீட்டு முள்ளங்கியில் எந்த அல்லீல் இருக்கிறது என்று சோதிப்பதற்கு அவற்றின் மகரந்தமே உங்களுக்கு அளவுகோலாகும்.